சத்தத்தை மாத்தாதீங்க, சரி பண்ணுங்க



வழக்கமா இந்தப் பக்கத்துல மழை, மல்லாட்டை, மாடு, ஆள் கிடைக்காத கஷ்டம்னு எழுதுவேன். இந்த வாரம் கோடம்பாக்கத்துல ஒரு பழைய பொம்மை ரயில் இஞ்சினுக்கு விசில் சரி பண்ணின கதை. அதை ஒட்டி எனக்கு ஒரு கருத்தும் இருக்கு.

கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு பழைய பொருளோட சத்தம் நின்னுபோச்சுன்னா, அந்தச் சத்தம் எதுல பிறக்குதோ அந்த இடத்தைச் சரி பண்ணணும். அதைக் கழட்டி வீசிட்டு, எங்கயோ பதிவு பண்ணின சத்தத்தை ஒரு சின்ன சிப்புல அடைச்சு உள்ள வைக்கிறதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல. பட்டணத்துல இருக்கிற நீங்க இப்ப நிறைய பேரு பழைய ரேடியோ, பழைய கடிகாரம், தாத்தா காலத்து கிராமபோன்னு தேடி வாங்கறீங்க. அதனால இது உங்களுக்கும் உதவும்.

பொம்மைன்னதும் திருவிழாக் கடையில விக்கிற பிளாஸ்டிக் ரயிலை நினைச்சுக்காதீங்க. இது அமெரிக்காவுல லயனல் கம்பெனி செஞ்ச ஓ கேஜ் இஞ்சின். 1950 வாக்குல வந்த மாடல். வார்ப்பு உலோகம், கையில எடுத்தா ரெண்டு படி நெல்லு கனம் இருக்கும். தண்டவாளத்துல ரெண்டு கம்பிக்குப் பதிலா மூணு கம்பி. நடுக்கம்பியில கரண்ட் வரும், ஓரக்கம்பி வழியா திரும்பிப் போகும். இஞ்சினுக்குப் பின்னாடி கரியும் தண்ணியும் ஏத்தற பெட்டி ஒண்ணு இருக்குமே, டெண்டர்னு சொல்வாங்க, அதுக்குள்ளதான் விசில் இருக்கு.

இது என் சித்தப்பாவோடது. அவர் கோடம்பாக்கத்துல ஒரு ஸ்டுடியோவுல சவுண்டு பிரிவில் உதவியாளரா காலம் தள்ளினவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த பழைய மூர் மார்க்கெட்டுல செகண்ட் ஹேண்டா வாங்கினதுன்னு சொல்வார். அந்த மார்க்கெட் 1985ல எரிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி பழைய புத்தகம், பழைய இசைத்தட்டு, வெளிநாட்டுச் சாமான் எல்லாம் அங்கதான் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ட்ரஸ்ட்புரம் வீட்டுக் கூடத்துல தண்டவாளத்தைப் பரப்பி ஓட்டுவார். தெருப் பிள்ளைங்க எல்லாம் வாசப்படியில உக்காந்திருக்கும். ஓடறதைவிட அது ஊதறதுக்குத்தான் பிள்ளைங்க காத்திருக்கும்.

சித்தப்பா போயிட்டார். அந்தப் பழைய கட்டடத்தை இடிச்சு புதுசா அடுக்குமாடி கட்டக் கொடுத்துட்டாங்க. ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணணும். சாமான் ஒதுக்க நானும் ஊர்லேருந்து போயிருந்தேன். எது வாடகை வீட்டுக்கு, எது பழைய இரும்புக்காரருக்குன்னு பிரிக்கும்போது இந்தப் பெட்டி வந்துது. மாட்டிப் பார்த்தோம். இஞ்சின் தள்ளாடித் தள்ளாடி ஓடுச்சு. விசில் மட்டும் வரவே இல்ல. பட்டனை அழுத்தினா ஒண்ணுமே இல்ல.

சின்னம்மா சொன்னது ஒரே வார்த்தை: "ஓடலன்னாலும் போவுதுப்பா. ஊதினா போதும்."

தம்பி பொண்ணு இஞ்சினியரிங் படிச்ச பொண்ணு. கெட்டிக்காரி. உடனே வழி சொல்லிட்டா. "பெரியப்பா, முந்நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன மாட்யூல் கிடைக்கும். மெமரி கார்டுல நிஜ ஸ்டீம் இஞ்சின் விசிலையே போட்டுடலாம். ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி. பழைய மோட்டாரைக் கழட்டிட்டா இடமும் தாராளமா இருக்கும். இதைவிட நல்லா ஊதும்."

அவ சொன்னது தப்புன்னு சொல்ல முடியாது. சத்தம் நிச்சயமா பெருசா, தெளிவா வரும். செலவும் கம்மி. இன்னைக்கு வெளிநாட்டுல மாடல் ரயில் வச்சிருக்கிறவங்க நிறைய பேரு சிப்தான் வைக்கிறாங்க. அதுலயும் நல்ல ரகம், மோட்டார் எவ்வளவு பாடுபடுதுன்னு கணக்குப் பாத்து, மேடு ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது ஒரு சத்தம்னு மாத்திக் கொடுக்கும். புதுசா செய்யற மாடலுக்கு அது பொருத்தமான வேலைதான். நான் பேசறது பழசைப் பத்தி.

அப்படியும் அவ விடல. "பெரியப்பா, இதுவே நிஜ ரயில் சத்தம் இல்லையே? உள்ள ஒரு ஃபேன்தானே ஊதுது? போலிக்கு இன்னொரு போலி வச்சா என்ன?"

நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா அந்த விசில் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லணும்.

லயனல் கம்பெனி இந்த வகை விசிலை 1935ல கொண்டுவந்தாங்க. இஞ்சின் ஓடறது ஏசி கரண்ட்ல. விசில் பட்டனை அழுத்தினா, டிரான்ஸ்பார்மர் அதே தண்டவாளக் கம்பியில கொஞ்சம் டிசியையும் சேர்த்து அனுப்பும். டெண்டருக்குள்ள ஒரு ரிலே இருக்கு. அது ஏசிக்கு அசையாது. டிசி வந்தா மட்டும் காந்தமாகி இழுக்கும். இழுத்ததும் உள்ள இருக்கிற குட்டி மோட்டாருக்குக் கரண்ட் போகும். மோட்டார் தண்டுல ஒரு விசிறி. அது காத்தை உறிஞ்சி ரெண்டு சின்ன அறைக்குள்ள தள்ளும். ரெண்டு அறையும் ஒரே அளவு இல்ல. அதனால ரெண்டு சுதி சேர்ந்து வரும், நாதஸ்வரத்தோட ஒத்து சேர்ற மாதிரி. தனியா ஒரு கம்பி இழுக்காம, ஓடற கரண்டுக்குள்ளயே உத்தரவை அனுப்பற வித்தையை அந்தக் காலத்துலயே யோசிச்சிருக்காங்க.

பம்ப்செட் ஸ்டார்ட்டரைத் திறந்து பாத்த எந்த விவசாயிக்கும் இது புரியும். பட்டனை அழுத்தினா காயில் காந்தமாகி காண்டாக்டை இழுக்கும், மோட்டார் ஓடும். அதே வேலைதான். அளவு மட்டும் தீப்பெட்டி அளவு. நான் பத்தாங்கிளாஸோட நின்னவன். ஆனா முப்பது வருஷமா ஸ்டார்ட்டர் பாயிண்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு இதெல்லாம் கைக்குப் பழக்கம்.

அதனால அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது இதுதான். இது நீராவி விசில் இல்லதான். ஆனா இந்தக் கூடத்துக் காத்தை உறிஞ்சி, இந்த நிமிஷம் ஊதுற ஒரு ஊதல். கரண்ட் குறைஞ்சா சுதி குறையும். மோட்டார் சோர்ந்தா விசிலும் சோரும். கார்டுல இருக்கிறது எப்பவோ யாரோ எங்கயோ ஊதினது. எங்க ஊர்க் கோயில்ல மேளக்காரர் நின்னுபோனப்புறம் மோட்டார் வச்ச மேளம் வாங்கினாங்க. சுவிட்சைப் போட்டா முரசும் மணியும் தானா அடிக்கும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன், ஏன்னா அங்க நிஜமாவே ஒரு கட்டை நிஜமான தோலை அடிக்குது. இப்ப சில கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துக்கு செல்போன்ல கெட்டிமேளம் போடறாங்களே, அது வேற. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இந்த ஃபேன் விசிலுக்கும் மெமரி கார்டுக்கும் நடுவுல இருக்கிறதும்.

சரி, யாரு சரி பண்றது? பவர் ஹவுஸ் பக்கத்துச் சந்துல ஒரு பெரியவர் இருக்கார்னு சொன்னாங்க. எழுபது வயசு தாண்டினவர். ஒரு காலத்துல ஸ்டுடியோக்காரங்க ஆம்ப்ளிஃபயர், ஸ்பூல் டேப் மெஷின் எல்லாம் அவர்கிட்டதான் வருமாம். இப்ப மிக்ஸி, டேபிள் ஃபேன். ஒரு ஆள் நுழையற அகலம்தான் கடை. மூணு சாயங்காலம் அவர் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவர் வேலை செஞ்ச வரிசையை அப்படியே எழுதறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல அவர் ஸ்குரூ டிரைவரையே தொடல. "பட்டனை அழுத்து தம்பி"ன்னு சொல்லிட்டு டெண்டர்கிட்ட காதை வச்சார். சத்தமே இல்ல. ரிலே இழுக்கிற 'டிக்' கூட இல்ல. அப்புறம் ஒரு சின்ன பேட்டரியை எடுத்து ரெண்டு வயரால ரிலேக்கு நேரா கொடுத்தார். 'டிக்'குன்னு இழுத்துது. "ரிலே நல்லாருக்கு. உத்தரவுதான் வரல"ன்னார். அதாவது ஒரு கோளாறு டிரான்ஸ்பார்மர்ல.

ரெண்டாவது, கரண்ட் இருக்கும்போது ஒரு மரக்குச்சியால ரிலேவை அழுத்திப் பிடிச்சார். மோட்டார் 'ம்ம்ம்'னு முனகுச்சு, சுத்தல. பேஸ் போன பம்ப்செட் மோட்டார் முனகுமே, அதே முனகல். நான் அதைச் சொன்னேன். "பேஸ் இல்ல தம்பி, இது எண்ணெய்"னார். வருஷக்கணக்கா ஓடாம கிடந்ததுல போட்ட எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப்போயிருந்துது. ஸ்பிரிட்ல துடைச்சு எடுத்தார். கம்யூட்டேட்டர் இடுக்குல இருந்த கரியை ஈர்க்குச்சி நுனியால சுரண்டினார். கார்பன் பிரஷ் தேஞ்சு கட்டையாப் போயிருந்துது. அந்த அளவுக்குப் புதுசு எங்க கிடைக்கும்? மிக்ஸி பிரஷ் ரெண்டை எடுத்து உப்புத்தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவந்தார். தண்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

மூணாவது, இப்ப விசிறி ஜோரா சுத்துது. ஆனா விசில் வரல. வெறும் 'உஸ்ஸ்'னு காத்து. இந்த இடத்துல நான் ஒரு வார்த்தை சொன்னேன்: "காத்து வாங்குதுங்க." பம்ப்புல பேக்கிங் போயிட்டா இப்படித்தான் மோட்டார் வேகமா சுத்தும், தண்ணி ஏறாது. பெரியவர் சிரிச்சுட்டு மூடியைக் கழட்டினார். நடுவுல இருந்த பேக்கிங் தாள் காஞ்சு உதிர்ந்து கிடந்துது. புதுசா தாள் வெட்டி வச்சு, நாலு ஸ்குரூவையும் ஒரே சீரா இறுக்கினார்.

நாலாவது, டிரான்ஸ்பார்மர். ஏசியிலிருந்து டிசி எடுத்துக் கொடுக்க அதுக்குள்ள பழைய காலத்துத் தட்டு ரெக்டிஃபயர் ஒண்ணு இருக்கு. செத்துப்போயிருந்துது. அதைக் கழட்டிட்டு, தாராளமா கரண்ட் தாங்கற சிலிக்கான் டையோடு ஒண்ணைப் போட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது, நூறு ரூபாய்க்குள்ள. வெடிச்சுப்போன பழைய ஒயரையும் மாத்தினார். இன்னொண்ணும் சொன்னார், இதை வச்சிருக்கிறவங்க கவனிக்கணும்: இந்த டிரான்ஸ்பார்மர் அமெரிக்கக் கரண்டுக்கானது. அங்க சுமார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நடுவுல வோல்டேஜைக் குறைக்கிற இன்னொரு டிரான்ஸ்பார்மர் இல்லாம மாட்டவே கூடாது. குறைச்சாலும் ஹெர்ட்ஸ் மாறாது. அதனால கொஞ்சம் சூடாகும். அரைமணி ஓட்டினா ஆற விடணும்.

மூணாவது சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து அழுத்தினோம். முதல்ல தொண்டை கட்டினவன் கனைக்கிற மாதிரி ஒரு சத்தம். ரெண்டாவது தடவை ஊதிடுச்சு. சின்னம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்னாங்க. "விட்டப்புறம் தேஞ்சு கீழ இறங்குமே, அது வருது"ன்னாங்க. பட்டனை விட்டதும் விசிறி உடனே நிக்காது. மெல்ல மெல்ல வேகம் குறையும். அந்தத் தேய்மானம்தான் அவங்க நாப்பது வருஷமா கேட்டது. மெமரி கார்டுல நாங்க போட்டிருக்கக்கூடிய எந்த விசில்லயும் அது இருந்திருக்காது. அப்படி ஒண்ணு இருக்குன்னு தம்பி பொண்ணுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இஞ்சினுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

மொத்தச் செலவு ஆயிரத்து நானூறு ரூபாய். முந்நூறு ரூபாய் மாட்யூலைவிட நாலு மடங்குக்கு மேல. இதை மறைக்காம சொல்றேன்.

இப்ப நீங்க கேக்கலாம்: "டையோடை மாத்தினீங்களே, பிரஷ்ஷை மாத்தினீங்களே, அது மட்டும் சரியா?" சரிதான்னு சொல்வேன். எது சத்தத்தை உண்டாக்குதோ அது ஒண்ணு. எது அதுக்கு உத்தரவு கொண்டுபோகுதோ அது வேற. விசிறியும் அறையும் ஊதற வாயி. டையோடும் ஒயரும் சேதி கொண்டுபோற ஆளு. சேதிக்காரன் மாறலாம். பிரஷ், பேக்கிங், எண்ணெய் எல்லாம் தேயறதுக்குன்னே வச்சது. மாட்டுக்கு லாடம் மாதிரி. லாடம் மாத்தினா மாடு மாறிடாது. மாட்டையே ஓட்டிட்டு டிராக்டர் வாங்கிட்டு, கழுத்து மணியை மட்டும் டிராக்டர்ல கட்டினா எப்படியோ அப்படித்தான் அந்த மெமரி கார்டு.

பொம்மைக்கு மட்டும் சொல்லல. நிஜ இஞ்சினுக்கும் இதே கணக்குதான், அதுக்கும் கோடம்பாக்கமே சாட்சி. கடற்கரை – தாம்பரம் பாதையில மின்சார ரயில் 1931லயே வந்துட்டது. அப்படிப்பட்ட பாதையில, 2019 சுதந்திர தினத்தன்னிக்கு எழும்பூர்லேருந்து கோடம்பாக்கம் வரைக்கும் ஒரு நீராவி இஞ்சினை ஓட்டினாங்க. பேரு ஈஐஆர் 21. 1855ல இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துல செஞ்சது. 1909ல ஓட்டத்திலிருந்து எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நூறு வருஷம் வெறும் காட்சிப் பொருளா நின்னுது. அதை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளிங்க 2010ல மறுபடியும் ஓட வச்சாங்க. உலகத்துல இன்னும் ஓடற மிகப் பழைய இஞ்சின்கள்ல அது ஒண்ணு.

அவங்க நினைச்சிருந்தா உள்ள ஒரு டீசல் மோட்டாரை மறைச்சு வச்சு, மேல புகையும் ஒலிபெருக்கியில 'குப்குப்'பும் விட்டிருக்கலாம். பொழுதுபோக்குப் பூங்காவுல ஓடற ரயிலெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். வேடிக்கை பாக்க வந்த கூட்டத்துல பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. ஆனா அவங்க கொதிகலன்ல நெருப்பு வச்சு நீராவியிலதான் ஓட்டினாங்க.

நீராவி இஞ்சின்ல அந்த 'குப்குப்' அலங்காரம் இல்ல. சிலிண்டர்ல வேலையை முடிச்ச நீராவி புகைபோக்கி வழியா வெளிய பாயற சத்தம் அது. ரெண்டு சிலிண்டர் இஞ்சின்னா சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள நாலு தடவை பாயும். பாயும்போது அது பின்னாடியே புகையையும் இழுத்துட்டுப் போகும். அதனால அடுப்புக்குள்ள புதுக் காத்து நுழைஞ்சு நெருப்பு இன்னும் எரியும். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி. இஞ்சின் எவ்வளவு பாடுபடுதோ அவ்வளவு சத்தம். எவ்வளவு சத்தமோ அவ்வளவு நெருப்பு. சத்தத்தைத் தனியா பிரிச்சு எடுத்துட்டா அங்க இஞ்சினே இல்ல. ஊட்டி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி இஞ்சினைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில புதுசாவே செஞ்சு கொடுத்திருக்காங்க. இரும்பு புதுசு, கை புதுசு. ஆனா சத்தம் அந்தப் பழைய வழியிலதான் பிறக்குது. எனக்கு அது முழு ரிப்பேர்தான்.

விவசாயிக்கு இதுல ஏன் இவ்வளவு அக்கறைன்னா, எங்க பொழப்பே சத்தத்துலதான் ஓடிட்டிருந்துது. அப்பா காலத்து ஆயில் இஞ்சின் வீட்டுத் திண்ணையில படுத்திருந்தாலும் சேதி சொல்லும். அடி கனமா விழுந்தா தண்ணி நல்லா எடுக்குது. திடீர்னு லேசாகி ஓடினா கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு, இல்லன்னா காத்து வாங்குது. எழுந்து போய்ப் பாக்கறதுக்கு முன்னாடியே கோளாறு எதுன்னு தெரியும். சத்தம்தான் எங்களுக்கு மீட்டர். அதனாலதான் பெரியவர் முதல்ல காதை வச்சதைப் பாத்ததும், வேலை தெரிஞ்ச ஆள்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

இப்ப வர்ற மெஷின்ல காதுக்கு வேலை இல்ல. பக்கத்துக் கொல்லைக்காரர் புது டிராக்டர், நல்லா ஈரம் இருக்கிற உழவு நேரத்துல நின்னுது. பலகையில ஒரு லைட்டு எரியுது, அவ்வளவுதான். ஊர் மெக்கானிக் திறக்கவே பயந்துட்டார். கம்பெனி ஆளு கம்ப்யூட்டரோட வர நாலு நாள் ஆச்சு. ஈரம் அதுக்குள்ள காஞ்சுபோச்சு. புகையைக் குறைக்க எலக்ட்ரானிக் வேணும்னா சரி, வரட்டும். ஆனா அதைப் படிக்கிற வழியும் உதிரி பாகமும் விவரப் புத்தகமும் வாங்கினவனுக்கும் ஊர் மெக்கானிக்குக்கும் கிடைக்கணும். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல விவசாயிங்க கேட்டுக் கேட்டு, 2023ல இதுக்குன்னே சட்டம் வந்துது. நம்ம நாட்டுலயும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டாங்க. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான், வண்டி – நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல இணையதளமும் திறந்தாங்க. தொடக்கம் நல்லதுதான். ஆனா இது எங்க டிராக்டர் பட்டறை வரைக்கும் இறங்கணும்னா, செல்போனும் வாஷிங் மெஷினும் அதிகமா வாங்கற நீங்களும் சேர்ந்து கேக்கணும்.

எழுபது வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுல, வேற கரண்டுக்குச் செஞ்ச ஒரு பொம்மையை, அதை ஆயுசுல பாத்தே இராத ஒரு மனுஷன் கோடம்பாக்கத்துச் சந்துல உக்காந்து சரி பண்ண முடிஞ்சுது. எதனால? நாலு ஸ்குரூவைக் கழட்டினா உள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியற மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. மோட்டார் மோட்டாரா இருக்கு, காத்து காத்தா இருக்கு. அதுல மெமரி கார்டை வச்சிருந்தா, அடுத்த தடவை கெட்டுப்போகும்போது அந்தப் பெரியவருக்கு அங்க வேலையே இருக்காது. அது கெட்டா தூக்கிப்போட்டுட்டு இன்னொண்ணு வாங்கணும், அவ்வளவுதான்.

எல்லாப் பொருளுக்கும் இப்படி மெனக்கெட முடியாதுங்கறது எனக்கும் தெரியும். வீட்டுல குழந்தை விளையாடணும், செலவு பண்ண வழியில்லன்னா சிப்பு வச்சுக்கோங்க, யாரும் கோவிக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்: பழைய மோட்டாரையும் விசில் பெட்டியையும் வீசாதீங்க. ஒரு டப்பாவுல போட்டு, எதுலேருந்து எடுத்ததுன்னு ஒரு சீட்டு எழுதி வைங்க. நாளைக்கு யாருக்காவது சரி பண்ணத் தோணும்.

சரி பண்ணக் கொடுக்கும்போது கடையில வச்சுட்டு ஓடிடாதீங்க. நேரம் கிடைச்சா பக்கத்துல உக்காருங்க. எதை முதல்ல பாக்கறார், எதைக் கடைசியா தொடறார், ஏன்னு கேளுங்க; செல்போன்ல படம் பிடிச்சு வைங்க. கோடம்பாக்கத்துல ஸ்டுடியோவெல்லாம் ஒண்ணொண்ணா கல்யாண மண்டபமாவும் அடுக்குமாடியாவும் மாறிடுச்சு. அங்க சவுண்டு மெஷின் பாத்த கைகள்ல மிச்சம் இருக்கிறது இந்த மாதிரி சந்துக் கடைகள்லதான். அந்தப் பெரியவருக்குக் கையாள் கிடையாது. கத்துக்க யாரும் வரல. தம்பி பொண்ணு இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை போய் உக்காந்திருக்கா. அவளுக்கு சாலிடரிங் தெரியும், அவருக்கு காது தெரியும். ரெண்டும் ஒருத்தர்கிட்ட சேர்ந்தா போதும், இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலை இல்ல.

கூலி விஷயமும் சொல்லிடறேன். அவர் கேட்டது அறுநூறு ரூபாய். மூணு சாயங்கால வேலைக்கு. எங்க ஊர்ல களை எடுக்க வர்ற ஆளு கூலியைவிடக் கம்மி. பேரம் பேசாதீங்க. புதுசு விலையோட ஒப்பிட்டு "இவ்வளவா"ன்னு கேக்காதீங்க. அந்தப் பொருள் இனிமே கடையில கிடைக்காது, அந்த மனுஷனும் கிடைக்க மாட்டார். ரெண்டுக்கும் சேர்த்துக் கொடுங்க.